முதுகளவு

முதலில் என்னை ஏமாற்றியவள் துளசிமணி, என் வீட்டுக்காரி. பிறகு ஏமாற்றியவர்கள் நிறையப் பேர் உண்டு. அவள் தம்பி நஞ்சப்பன், தேயிலை பேக்டரியில் ஹெட் கிளார்க்காக இருந்த மனிதர், நான் பெற்று வளர்த்த ஜெகதீசன், எல்லாரையும் மனதில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஆனால் தொடங்கி வைத்தவள் அவள். கல்யாணமான முதல் குளிரில் எனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். அது இன்னும் வரவில்லை. ஜெகதீசனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. இப்போது நான் கோத்தகிரி கடைவீதியில், புளோரா டீச்சரின் உல்லன் நூல் கடையில், அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்கு நானே பின்னிக்கொள்ளப்போகும் ஸ்வெட்டருக்கு என்ன கலர் எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே மேகம் இறங்கி, எதிர்ப்பக்கத்து பேக்கரியின் போர்டு தெரிவதும் மறைவதுமாக இருக்கிறது. மேல்மாடியில் பெண்கள் வர்க்கி கடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்கிறது. இன்றைக்குத்தான் எங்கள் பின்னல் வகுப்பு முடிந்தது. வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். சர்டிபிகேட்டில் செல்வி, திருமதி என்று இரண்டுதான் அச்சாகியிருந்தது. டீச்சர் இரண்டையும் அடித்துவிட்டுப் பேனாவால் திரு என்று எழுதினார். விமலா என்கிற பெண், "ஏதாச்சும் ஒண்ணை விட்டு வெச்சிருக்கலாம் டீச்சர், மாமா கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள். கோபித்துக்கொண்டேன். வெளியே காட்டவில்லை. விமலாவும் வரிசையில் சேர்ந்துவிட்டாள்.

பச்சை வேண்டாம். மேல்தட்டில் முதலில் இருப்பது பச்சைதான், பாட்டில் பச்சை, அதைத் தொடக்கூட மாட்டேன். என் முதல் ஸ்வெட்டர் அந்தப் பச்சை. எஸ்டேட் லைன் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் துளசிமணி காலை நீட்டி உட்கார்ந்து பின்னுவாள், ஊசிகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசும், டிக் டிக் என்று பல்லி சொல்கிற மாதிரி, நான் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன், எனக்காக ஒரு சத்தம் இந்த வீட்டில் கேட்கிறது என்று நினைப்பேன். முதுகுப் பக்கம் முடிந்தது. எழுப்பி நிற்க வைத்து, "திரும்புங்க" என்று சொல்லி, ஊசியோடு சேர்த்து அந்தத் துண்டை என் முதுகில் வைத்துப் பார்த்தாள். உள்ளங்கையால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு தடவு தடவினாள். அவளிடம் டேப் கிடையாது, சாண் வைத்துத்தான் அளப்பாள், தோளுக்குத் தோள் அவள் கையில் இரண்டு சாணும் நான்கு விரலும். அந்தக் கை எனக்கு இப்போதும் தெரிகிறது, கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே தெரிகிறது, இடது தோளில் கட்டைவிரல், அங்கிருந்து நகர்ந்து நடுமுதுகில் ஒரு அழுத்தல், அடுத்த சாண். அந்த வாரம் நஞ்சப்பன் வந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போட்டுக்கொண்டு போக நல்லதாக ஒன்றும் இல்லை என்றான். திருப்பூரில் எவன் ஸ்வெட்டர் போடுகிறான் என்று நான் கேட்டேன். "ராத்திரி லாரியில போறானுங்க, காத்தடிக்கும்ல, உங்களுக்கு அடுத்த குளிருக்குப் பின்னித் தரேன்" என்றாள். கையை இரண்டு விரல் குறைத்து அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் அதைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டு போனதாக லாரிக்காரனே என்னிடம் சொன்னான். என் முதுகு அவன் தலைக்கு அடியில் போனது.

அடுத்த குளிருக்கு சாம்பல் கலர். அதோ இருக்கிறது, இரண்டாம் தட்டில், புறாக் கழுத்து மாதிரி. அதையும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது நான் பேக்டரியில் தற்காலிகம், ஹெட் கிளார்க் மனது வைத்தால் நிரந்தரம். துளசிமணி ஒரு நாள் சாம்பல் ஸ்வெட்டரை என் முதுகில் வைத்துப் பார்த்தபடியே, "அந்தக் கிளார்க்கு உங்களை விட குண்டா ஒல்லியா?" என்று கேட்டாள். குண்டு என்றேன், சாம்பல் அவருக்குப் போனது. சொல்லியிருக்கக் கூடாது. அப்படித்தான் அது ஆரம்பித்தது. அதன் பிறகு கோத்தகிரியில் யார் ஸ்வெட்டர் சொன்னாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான், எங்க வீட்டுக்காரரை விட குண்டா ஒல்லியா, உசரமா குட்டையா. ஊரிலுள்ள ஆண்கள் எல்லாருமே என்னை விடக் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. பஸ் டிரைவர் மூன்று விரல் அதிகம். போஸ்ட்மேன் ஒரு சாண் குட்டை. பாதிரியார் தோளில் சரி, வயிற்றில் அதிகம். எல்லா ஸ்வெட்டரும் ஒரு தடவை என் முதுகில் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். ஒரு நிமிடம் கதகதப்பாக இருக்கும். ஊசி முனை விலாவில் குத்தும். "அசையாம நில்லுங்க, கண்ணி கழண்டுக்கும்" என்பாள். அசையாமல் நிற்பேன். மூச்சைக்கூட மெதுவாக விடுவேன். பிறகு உருவிக்கொள்வாள், அந்த இடம் முன்பைவிடக் குளிரும். மெரூன் கலர் ஒன்று பாதிக்கு மேல் எனக்கே என்று வளர்ந்தது, அதை நான் நம்பினேன், ஜெகதீசன் பள்ளிக்கூடம் சேர்ந்தான், அவனுக்குப் பின்ன அவிழ்த்துவிட்டாள். அவிழ்க்க என்னைத்தான் கூப்பிட்டாள். இரண்டு கையையும் நீட்டி உட்காரச் சொல்லி, நூலை இழுத்து இழுத்து என் கைகளில் சுற்றினாள். சேமியா மாதிரி சுருள் சுருளாக வந்தது நூல். அந்த வளையத்தைச் சிட்டமாகக் கட்டி வெந்நீரில் நனைத்து, சுருள் நிமிர, கீழே பூட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். ராத்திரியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. என் ஸ்வெட்டரை அவிழ்க்க நானே கை கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கு அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது, நூலைத் தவிர வேறு எதையும் பார்க்காமல்.

"என்னண்ணே, இன்னும் முடியலையா?" என்று கேட்கிறார் புளோரா டீச்சர், கல்லாவில் உட்கார்ந்தபடியே. முடியவில்லை. ஒவ்வொரு கலரும் யாருக்கோ போய்விட்டது. கடுகு மஞ்சள் காய்கறி மண்டிக்காரருக்கு. நீலம் ஒரு தெரு நிறையப் பிள்ளைகளுக்கு. காப்பிக் கொட்டை கலர் கிளார்க்கின் மச்சானுக்கு, அவனை நான் பார்த்ததுகூட இல்லை, அவன் முதுகை மட்டும் சுமந்திருக்கிறேன். எனக்கு ஏன் இல்லை என்று நான் கேட்காமல் இல்லை. கேட்டால், "நீங்க டிரையர் பக்கத்துலயே நிக்கிறீங்க, உங்களுக்கு எதுக்கு?" என்பாள். உண்மைதான், தேயிலை காய்கிற டிரையர் ரூமில்தான் என் வேலை, உள்ளே பனியன் நனைந்துவிடும். ஆனால் ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தால் அந்தக் குளிர் நனைந்த பனியனின் மேல் வந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். லைன் வீட்டுக்குப் போகிற ஏற்றம் முழுக்க நெஞ்சு உள்பக்கமாகச் சுருங்கும். ஒரு நாள் இப்படியே நடுவழியில் உட்கார்ந்துவிடுவேன், காலையில் இலை எடுக்கப் போகிற பெண்கள் பார்ப்பார்கள் என்று பயந்தபடியே நடப்பேன். அந்தப் பயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லி வாங்குவதாக இருந்தால் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே. சந்தையில் பழைய கோட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். எவனோ போட்டுக் கழித்தது, அக்குளில் வேறு ஆள் வாசனை. அவள் அதைத் துவைத்து, பொத்தான் தைத்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். நல்லாத்தான் இருக்குது. அந்த வார்த்தையையும் நான் மறக்கவில்லை.

போன வருஷம் ஜெகதீசன் வந்து அவளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆள் வேண்டும். கொஞ்ச நாளைக்கு என்றான். என்னையும் கூப்பிட்டான், கூப்பிட்ட விதத்திலேயே ஹாலில் ஒரு கட்டில்தான் போட முடியும் என்பது தெரிந்தது. நான் வரவில்லை என்றேன். துளசிமணி பஸ்ஸில் ஏறும்போது உல்லன் நூல் பையை எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே எதற்கு, வெக்கை என்றாள். வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோனது. பல்லி சொன்னால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நானே கற்றுக்கொண்டு, நானே பின்னி, தீபாவளிக்கு அதைப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போய் இறங்க வேண்டும். வேர்த்துக் கொட்டினாலும் கழற்றக் கூடாது. அவள் கதவைத் திறப்பாள். கை தானாக வந்து ஓரத்தைப் புரட்டிப் பார்க்கும், அது அவள் பழக்கம், யார் ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் ஓரத்தைப் புரட்டாமல் விடமாட்டாள். யார் பின்னுனது என்பாள். நான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான், அவள் முகத்தைப் பார்த்தால் போதும். இதற்காகத்தான் மேல்மாடியில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், டீச்சர் போர்டில் எழுதுகிற கணக்கு எனக்கு ஏறவில்லை. பின்னும்போது துளசிமணி முணுமுணுக்கிற கண்ணி எண்ணிக்கை காதில் அப்படியே இருந்தது, அதே எண்ணிக்கையைப் போட்டு ஒரு முதுகு பின்னினேன். அவள் பின்னியது தடி நூல், டீச்சர் கொடுத்தது மெல்லிய நூல். முடித்துத் தூக்கிப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை அளவுக்கு இருந்தது. விமலா அதைத் தன் மடியில் விரித்து, "மாமா சின்ன வயசுல போட்டுக்கிறதுக்குப் பின்னியிருக்காரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவிழ்த்தேன். இந்தத் தடவை கையை நீட்டிப் பிடிக்க ஆள் இல்லை, நாற்காலி முதுகில் சுற்றினேன்.

கீழ்த்தட்டில், குழந்தைகளுக்கான ரோஜா நிறத்துக்கும் வெள்ளைக்கும் பின்னால், ஒன்று இருக்கிறது. நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை, பச்சை என்றும் சொல்ல முடியாது. எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், டியூப்லைட்டில் எல்லா நூலும் பொய் சொல்லும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். மேக வெளிச்சத்தில் அது கற்பூர மரத்து இலையின், யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், பின்பக்கம் மாதிரி இருந்தது, ஈரம் காய்வதற்கு முன்னால் இருக்கிற நிறம். இது யாருக்கும் போகவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்தேன், டிரைவர், போஸ்ட்மேன், பாதிரியார், மண்டிக்காரர், ஒருவருக்கும் இல்லை. என் முதுகுக்கு வந்துவிட்டுப் போகாத கலர். விரலில் வைத்துத் தேய்த்தால் மெத்தென்று இருக்கிறது. "அது புது லாட்டுண்ணே, எத்தனை உருண்டை வேணுமோ இப்பவே எடுத்துக்கோங்க, அப்புறம் வந்தா இதே சாயம் கிடைக்காது, கை ஒரு கலர் உடம்பு ஒரு கலர் ஆயிரும்" என்று டீச்சர் எழுந்து வந்தார். கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பைக் கையில் எடுத்தார். "திரும்புங்க, அளவு பாத்துரலாம்." திரும்பினேன். டேப்பின் நுனி இடது தோளில் பட்டது. பட்ட உடனே நகர்ந்துவிட்டேன். நல்ல மனுஷி, என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர், அவர் மேல் தப்பில்லை. டேப் ஜில்லென்று இருந்தது என்றேன். உண்மையில் அந்த இடத்தில் வேறு ஒன்றை எதிர்பார்த்துத் தோல் தயாராகிவிட்டது, கட்டைவிரல், ஒரு அழுத்தல். தன் முதுகைத் தானே அளக்க முடியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. மார்பை அளக்கலாம், கையை அளக்கலாம். முதுகுக்கு இன்னொரு ஆள் வேண்டும். அப்படியே அளந்து, பின்னி, போட்டுக்கொண்டு போய் நின்றால், துளசிமணி ஓரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்ன சொல்வாள்? இத்தனை நாள் நான் நினைத்து வைத்திருந்த முகம் வரவில்லை. அப்பாடா என்பாள். நல்லதாப் போச்சுங்க, எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்பாள். சொல்லக்கூடியவள்தான். அதோடு முடிந்துவிடும். அவளிடம் கேட்பதற்கு எனக்கு எதுவும் இருக்காது. பிறகு எதற்காக அவள் மலை ஏறி வர வேண்டும்? 

போன் போட்டேன். மத்தியானத்துக்கு முன்னால் அவள் தனியாகத்தான் இருப்பாள். "என்னங்க இந்நேரத்துல, உடம்புக்கு ஏதாச்சும்?" என்று எடுத்தவுடனே கேட்டாள். குக்கர் சத்தம் கேட்டது. ஒன்றும் இல்லை என்றேன். கடைவீதிக்கு வந்தேன் என்றேன். பிறகு வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன். "எனக்கு என்ன கலர்ல பின்றதா இருந்தே?" "எதை?" "ஸ்வெட்டர்." "எப்ப?" "எப்பவும்."  "ஞாபகம் இல்லீங்களே" என்றாள். அப்படியா என்றேன்.  "கோவமா?" என்றாள். இல்லை என்றேன். "கோவந்தான். உங்களுக்கு எந்தக் கலர் வெச்சாலும் எடுப்பாத்தான் இருந்துச்சு. இல்லாட்டி அத்தனையும் உங்க மேல வெச்சுப் பாத்திருப்பனா? அந்தக் கிளார்க்குக்கு சாம்பல் நல்லாவா இருந்துச்சு? உங்க மேல இருந்த மாதிரி இல்ல." இதை அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து, நாற்பது குளிர் ஓடிப்போயிருக்கிறது. இது பதில் ஆகாது என்று எனக்குள் ஒன்று சொன்னது. பதில் ஆகாது என்றாலும் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். "நூல் கடையிலயா நிக்கிறீங்க?" என்றாள் திடீரென்று. அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது. "சும்மா பாத்தேன். இங்க ஒரு கலர் இருக்குது. கற்பூர இலைக்குப் பின்னால இருக்கும்ல, அது." "அழுக்குத் தெரியுமே" என்றாள். தெரிந்தால் தெரியட்டும் என்றேன். "சரி வாங்கி வைங்க. வந்து பின்னித் தரேன்." "எப்ப வருவே?" "பாப்பாவுக்கு லீவு விடட்டும்." "எந்த லீவு?" "பாப்போம்ங்க. அவனுகிட்டயும் கேக்கணும்ல. நீங்க பாட்டுக்கு யாருகிட்டயும் குடுத்துப் பின்னச் சொல்லிராதீங்க, பாழாக்கி வெச்சிருவாங்க." மாட்டேன் என்றேன். "அளவு?" என்று கேட்டேன். "உங்க அளவு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவள் போன பிறகு நான் இளைத்துவிட்டேன், பழைய கோட்டு தோளில் ஆடுகிறது, அவள் வைத்திருப்பது பேக்டரியில் இருந்த என் முதுகு. நான் திருத்தவில்லை. வந்து கை வைத்தால் அவளுக்கே தெரியும். நான் கற்றுக்கொண்டதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே, அப்ப நீங்களே பின்னிக்கோங்க என்று சொல்லிவிடுவாள். குக்கரை இறக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

டீச்சர் நூல் உருண்டைகளை எண்ணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பழைய அளவுக்கே போடச் சொன்னேன். "இப்ப இருக்கற உடம்புக்கு மிச்சம் ஆகும்ணே" என்றார். ஆகட்டும் என்றேன். "அக்கா வந்துதான் பின்னணுமா? உங்க கை நல்லாத்தான் ஓடுது. ஒரு மாசத்துல முடிச்சிரலாம்." அவள்தான் பின்ன வேண்டும் என்றேன். "அப்ப கத்துக்கிட்டதை என்ன பண்ணப் போறீங்க?" விமலா படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள், கையில் மிச்ச வர்க்கி. மாமா என்ன சொல்லப்போகிறார் என்று நின்றாள். தெரியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். "ஆர்டர் வந்தா குடுங்க டீச்சர், பின்னித் தரேன்" என்று வந்துவிட்டது. "யாருக்கு வேணும்னாலும். இந்தப் பொண்ணுக்குக்கூட." விமலா வர்க்கியை மெல்வதை நிறுத்தினாள். "எனக்கு மெரூன் மாமா" என்றாள். மெரூன் நூலைத் தட்டிலிருந்து நானே எடுத்தேன். மற்றதை டீச்சர் பேப்பரில் சுற்றிக் கட்டினார். அந்தப் பொட்டலத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மேகத்துக்குள் இறங்கினேன், எதிரே வருகிற ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தார். ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் பின்னுவேன். என்னுடையது அவள் கையில் இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.